மாத்திரையா, ஊசியா, காப்பர்-டியா? உள்பரிசோதனைக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து, பாஸ் புத்தகங்களை அடுக்கி வைக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். மற்றவர்கள் எழுந்து போகும்வரை ஒருத்தி மட்டும் பாயைச் சுருட்டுவதுபோல் நின்றுகொண்டிருப்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, மாத்திரை வாங்கப் போனால் உள்ளே கை விட்டுப் பார்ப்பார்களாமே, உண்மையா?" என்பாள்.

சமீபத்தில் நான்கு பேர் இப்படிக் கேட்டார்கள். நால்வரும் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள்.

முதலாமவர் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவர், வயது 23. எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அடுத்த குழந்தைக்கு மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்று இருவரும் நினைக்கிறார்கள். மாமியாரோ, "இன்னொன்றையும் கையோடு பெற்றுவிட்டு ஆபரேஷன் செய்துகொள்" என்கிறார்.

இரண்டாமவர் கீழக்கரைக்காரர். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார். "அந்த இரண்டு மாதத்துக்காக ஆண்டு முழுவதும் மருந்து எடுக்க வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

மூன்றாமவர் சாயல்குடிப் பக்கம். வயது 38, இரண்டு பிள்ளைகள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

நான்காவதாகக் கேட்டவர் மண்டபத்தைச் சேர்ந்த ஒரு தாய். கல்லூரியில் படிக்கும் 19 வயது மகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார். "கல்யாணமாகாத பெண்ணை உள்ளே பரிசோதிப்பார்களோ" என்ற பயத்தில் சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

நால்வருக்கும் ஏற்ற வழி வேறு வேறு. அச்சம் மட்டும் ஒன்றுதான். அது எனக்கும் இருந்தது. எனக்கு 24 வயதில், முதல் பிள்ளை பிறந்த பிறகு, ஒரு தனியார் மருத்துவமனையில் கருத்தடை மாத்திரை கேட்டேன். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், "மேசையில் ஏறிப் படு" என்றார்கள். திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். மறு ஆண்டே மீண்டும் கருத்தரித்தேன். முதல் பிரசவத்தின் இரத்தச்சோகை தீராத உடம்போடுதான் இரண்டாவது மகனைச் சுமந்தேன். அன்று மாத்திரைக்கு அந்த மேசை தேவையே இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தால் என் உடம்பு தேற இரண்டு ஆண்டாவது கிடைத்திருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: எந்தப் பரிசோதனை உண்மையில் தேவை? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உள்பரிசோதனையில் டாக்டர் பார்ப்பது கருப்பை வாயையும், கருப்பையின் அளவையும், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும், சினைப்பைகளில் வீக்கமோ வலியோ உண்டா என்பதையும்தான். ஆனால் கருத்தடை மாத்திரையால் ஆபத்து வருமானால் அது வரும் இடங்கள் வேறு: இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைதல், இரத்த அழுத்தம், கல்லீரல், மார்பகம். கருப்பையைத் தொட்டுப் பார்ப்பதால் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. இவற்றைத் தெரிந்துகொள்ளக் கையில் கட்டும் பிபி கருவியும் ஒளிக்காமல் சொல்லும் பதில்களும் வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில், மாத்திரை, ஊசி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆகியவற்றைத் தொடங்க உள்பரிசோதனை கேட்கப்படுவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் முன்நிபந்தனை அல்ல. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரைக்கு முன் இரத்த அழுத்தம் பார்த்துவிடச் சொல்கிறார்கள்.

காப்பர்-டி, ஹார்மோன் லூப் இரண்டின் கதை வேறு. அவை கருப்பைக்குள் வைக்கப்படுபவை. கருப்பை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உள்ளே தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல் வைத்தால் காயம் படலாம். அங்கே உள்பரிசோதனை கட்டாயம். அதைத் தவிர்ப்பதுதான் தவறு.

முன்பெல்லாம் மேலைநாடுகளில் மாத்திரைச் சீட்டு வேண்டுமானால் ஆண்டுதோறும் உள்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற பழக்கம் இருந்தது. 1960இல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரை வந்தபோது அதில் இருந்த ஹார்மோன் அளவு இன்றைய மாத்திரையைப்போலப் பல மடங்கு. அந்தக் காலத்துக் கவனமும், புற்றுநோய்ச் சோதனைக்குப் பெண்களை வரவைக்க இதுவே வாய்ப்பு என்ற எண்ணமும் சேர்ந்து இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டன. அந்த முடிச்சு இன்னும் சில மருத்துவமனைகளில் அவிழவில்லை.

இதைச் சொல்வதால் உள்பரிசோதனையே வேண்டாத ஒன்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறவுக்குப் பின் இரத்தம் கசிதல், நாள் தவறிய உதிரப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஓயாத அடிவயிற்று வலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அந்தப் பரிசோதனையைக் கேட்டே செய்துகொள்ளுங்கள். முப்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக நடக்கிறது. அது உயிர் காக்கும் சோதனை. அதற்கென்று ஒரு நாள் தனியாகப் போய்வாருங்கள். மாத்திரை அட்டைக்காக அதைச் செய்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும், "இது எதற்கு, எனக்கு ஏதாவது அறிகுறி இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது: யாருக்கெல்லாம் தெரியவரும்? நம் ஊர்களில் இது சின்ன விஷயம் அல்ல. நர்சம்மா வாசலில் நின்றால் தெரு முழுக்கச் செய்தி. மாத்திரை அட்டை மாமியார் கண்ணில் படலாம். ஊசி போட்டால் வீட்டில் எதையும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது: ஞாபகத்தை எவ்வளவு நம்ப வேண்டும்? விடியற்காலையில் ஏலத்துக்கு ஓடுகிறவர், நண்டுக் கம்பெனியில் ஷிப்ட் மாறுகிறவர், தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை விழுங்க முடியுமா?

நான்காவது: மாதவிடாய் எப்படி மாறும்? ஒவ்வொரு வழியும் உதிரப்போக்கை ஒவ்வொரு விதமாக மாற்றும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்ணுக்கு இருபது நாள் சொட்டுச் சொட்டாகப் படுவது என்றால் இருபது நாள் கூலி. தொழுகையும் நோன்பும் வைக்கிறவருக்கு அது வேறு வகைக் குழப்பம்.

ஐந்தாவது: நிறுத்தினால் எப்போது கருத்தரிக்கலாம்? ஆறாவது: உண்மையான செலவு என்ன? அரசு தருவது இலவசம், நகரப் பேருந்திலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாளின் கூலியை யாரும் தருவதில்லை.

## தினசரி மாத்திரை: மாலா-என், மாலா-டி

இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து, ஈஸ்ட்ரோஜன் கலந்தது. மாலா-என் அரசு தரும் இலவச அட்டை. மாலா-டி மெடிக்கலில் குறைந்த விலைக்குக் கிடைப்பது. அட்டையில் 28 மாத்திரைகள்: 21இல் ஹார்மோன், மீதி 7 நிறம் மாறிய இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த ஏழு நாட்களில்தான் மாதவிடாய் வரும்.

உள்பரிசோதனை வேண்டாம். பிபி பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த மாத்திரை உங்களுக்கு அல்ல. துணை சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு சில கேள்விகள். கண்ணில் மின்னல் வெட்டியதுபோல் தோன்றிப் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உண்டா? காலில் இரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்திருக்கிறதா? மார்பகப் புற்றுநோய், மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய் உண்டா? 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் உண்டா? காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கிறீர்களா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் என்ற மருந்து, கருத்தடை மாத்திரையின் வேலையையே குறைத்துவிடும். பால் கொடுக்கும் தாய் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை இதைத் தள்ளிவைப்பது நல்லது.

"இரத்தம் உறைந்துவிடுமாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மாத்திரை எடுக்காத பத்தாயிரம் பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இரத்தக்கட்டி வருகிறது. மாத்திரை எடுப்பவர்களில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் அதைவிடவும் பல மடங்கு. ஆபத்து உண்மைதான், வேண்டாத கர்ப்பத்தின் ஆபத்து அதைவிடப் பெரியது என்பதும் உண்மை. காலில் ஒருபக்க வீக்கம், நெஞ்சு வலி, திடீர்க் கடுந்தலைவலி, பார்வை மங்குதல் வந்தால் அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு மறதிதான். ஒரு நாளும் தவறாமல் எடுத்தால் நூறு பேரில் ஒருவர்கூடக் கருத்தரிப்பதில்லை. நடைமுறையில் எல்லாரும் எடுப்பதுபோல் எடுத்தால் ஆண்டுக்கு ஏழு பேர் கருத்தரிக்கிறார்கள். ஒரு மாத்திரை தவறினால் நினைவு வந்ததும் விழுங்கிவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். இரண்டு, அதற்கு மேல் தவறினால் ஒன்றை உடனே எடுத்து அட்டையைத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்துங்கள். நோன்பு மாதத்தில் சகர் நேரத்துக்கோ இஃப்தாருக்கோ மாற்றி, அந்த மாதம் முழுக்க அதே நேரத்தில் எடுத்தால் போதும். தகரக் கூரை வீட்டில் அடுப்பருகே அட்டையை வைக்காதீர்கள்.

நன்மையும் உண்டு: மாதவிடாய் ஒழுங்காகும், உதிரம் குறையும், வலி குறையும். இரத்தச்சோகை உள்ள நம் பெண்களுக்கு இதுவே பெரிய உதவி. நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் விரைவில் திரும்பிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உம்ராவுக்கும் கோயில் பயணத்துக்கும் மெடிக்கலில் வாங்கும் "நாள் தள்ளிப்போடும் மாத்திரை" கருத்தடை மாத்திரை அல்ல. அதை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## அந்தரா ஊசி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையிலோ இடுப்பிலோ போடும் ஊசி. 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் பிரசவமாகி ஆறு வாரம் ஆன, பால் கொடுக்கும் தாய்க்கும் பொருந்தும். உள்பரிசோதனை வேண்டாம், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கேள்விகளைக் கேட்டு, பிபி பார்த்துப் போடுவார்கள். அட்டையில் அடுத்த தேதி எழுதித் தருவார்கள். தேதி தாண்டினாலும் நான்கு வாரம்வரை போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. காசநோய் மருந்து சாப்பிடுகிறவருக்கும் இது வேலை செய்யும்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. நாள்தோறும் நினைவில் வைக்க வேண்டியதும் இல்லை. நடைமுறையில் நூற்றுக்கு நான்கு பேர் கருத்தரிக்கிறார்கள். பெரும்பாலும் அடுத்த ஊசியைத் தவறவிட்டவர்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இந்த ஊசியைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு தாறுமாறாகும். சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் படலாம். பிறகு பலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். ஓராண்டு போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படி. நின்றால் "கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிட்டது" என்று பயப்பட ஒன்றும் இல்லை. கருப்பையின் உட்புறம் தடிக்காததால் வெளியேற எதுவும் இல்லை, அவ்வளவுதான். முன்னதாகவே சொல்லாவிட்டால் முதல் மாதமே பயந்து நிறுத்திவிடுவார்கள். சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் முதல் ஊசியைப் பாசித் தொழில் ஓய்ந்திருக்கும் நாட்களில் தொடங்கினால் நல்லது.

இரண்டு, நிறுத்திய பிறகு கருத்தரிக்கத் தாமதமாகும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஏழு முதல் பத்து மாதம். மலட்டுத்தன்மை அல்ல, தாமதம் மட்டுமே. இதைத் தெரிந்துகொள்ளாத மருமகளை "ஊசி போட்டுக் கெடுத்துக்கொண்டாள்" என்று ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் எடை கூடலாம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, ஊசியை நிறுத்தியதும் மீளும்.

## சாயா: வாராந்தர மாத்திரை

இது ஹார்மோன் அல்ல. எல்லாரும் இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதால் சொல்கிறேன். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரத்துக்கு ஒரு நாள். ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும்; மூன்று மாதத்துக்குப் பின் ஞாயிறு மட்டும். பால் கொடுக்கும் தாய்க்குப் பொருந்தும். உள்பரிசோதனை இல்லை.

சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். அது கர்ப்பமோ என்ற பதைப்பு வரும். சினைப்பை நீர்க்கட்டி, அண்மையில் மஞ்சள் காமாலை, கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. ஏழு நாளுக்கு மேல் தவறவிட்டால் மறுபடியும் வாரம் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கோ மாதா கோயிலுக்கோ தவறாமல் போகிறவர்களுக்கு அந்த நாளே நினைவூட்டல்.

## காப்பர்-டியும் ஹார்மோன் லூப்பும்

இங்கேதான் உள்பரிசோதனை உண்டு. என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பயம் பாதியாகும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்து, முழங்காலை மடக்கி விரிக்கச் சொல்வார்கள். வாத்தின் அலகுபோன்ற ஒரு கருவியால் வழியை விரித்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். பிறகு கையுறை போட்ட இரண்டு விரல்களை உள்ளே வைத்து, மறு கையால் அடிவயிற்றை அழுத்தி, கருப்பையின் நிலையை அறிவார்கள். இதெல்லாம் சில நிமிடங்கள்தான். மூச்சை இறுக்கிப் பிடிக்காமல் மெல்ல விட்டால் வலி குறையும். சாதனத்தை வைக்கும் கணத்தில் மாதவிடாய் வலிபோல ஒரு பிடிப்பு வரும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் தொட யாருக்கும் உரிமை இல்லை. "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்த வேண்டும். ஆண் டாக்டர் என்றால் ஒரு பெண் உடன் இருக்க வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனமே அதைச் சொல்கிறது. திரைச்சீலையை முழுதாக மூடச் சொல்லுங்கள். அன்று எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. அரசில் இரண்டு வகை: 380ஏ பத்து ஆண்டுக்கு, 375 ஐந்து ஆண்டுக்கு. ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே கருத்தரிக்கிறார்கள். எடுத்த மாதமே கருத்தரிக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விரும்பும் தாய் பிரசவத்துக்கு முன்பே இதைப் பேசி வைத்தால் தனியாக ஒரு பயணம் மிச்சம். மறைந்த செலவு: முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவாக உள்ளவர் இரும்புச்சத்து மாத்திரையோடு தொடங்க வேண்டும். இடுப்பெலும்புப் பகுதியில் தொற்று இருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும்.

ஹார்மோன் லூப் இதற்கு நேர்மாறு: உதிரத்தைக் குறைக்கும். அதிக உதிரப்போக்கால் அவதிப்படுகிறவருக்கு வரம். பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில்தான், சில ஆயிரம் ரூபாய் செலவில்.

கையின் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட் மூன்று ஆண்டு காக்கும், உள்பரிசோதனை வேண்டாம். அரசுத் திட்டத்தில் சில மாவட்டங்களில்தான் அறிமுகமாகி வருகிறது; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

| வழி | உள்பரிசோதனை | தொடங்கும் முன் | எவ்வளவு காலம் | நிறுத்தினால் |
|---|---|---|---|---|
| மாலா-என், மாலா-டி | வேண்டாம் | பிபி, கேள்விகள் | தினமும் | விரைவில் கருத்தரிக்கலாம் |
| அந்தரா ஊசி | வேண்டாம் | கேள்விகள், பிபி | 3 மாதம் | 7 முதல் 10 மாதத் தாமதம் |
| சாயா | வேண்டாம் | கேள்விகள் | வாரம் 2, பிறகு 1 | விரைவில் |
| காப்பர்-டி | கட்டாயம் | தொற்று உண்டா என்ற சோதனை | 5 அல்லது 10 ஆண்டு | உடனே |
| ஹார்மோன் லூப் | கட்டாயம் | அதேபோல் | 5 ஆண்டு அல்லது மேலும் | விரைவில் |
| இம்ப்ளான்ட் | வேண்டாம் | கேள்விகள் | 3 ஆண்டு | விரைவில் |

இவற்றில் எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறை மட்டுமே. ஆணுறை கிழிந்துவிட்ட நாளில் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை எடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அதற்கும் உள்பரிசோதனை இல்லை. தமிழ்நாட்டின் பல மெடிக்கல்களில் அதை வைத்திருப்பதில்லை என்பதால் அரசு மருத்துவமனையிலோ செவிலியரிடமோ கேளுங்கள். கணவர் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

## நால்வருக்கும் என் பதில்

மண்டபத்துத் தாய்க்கு. அம்மா, மகளுக்கு உள்பரிசோதனை தேவையே இல்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன், பிபி, எடை, சில இரத்தப் பரிசோதனைகள், அவ்வளவுதான். நீர்க்கட்டிக்கு இந்த மாத்திரை பரவலாகக் கொடுக்கப்படுகிறது; பின்னாளில் குழந்தை பிறப்பதை இது கெடுக்காது. பெட்டியில் மடித்து வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். சாயா மட்டும் வேண்டாம்.

சாயல்குடிச் சகோதரிக்கு. மாலா-என் பக்கம் போகாதீர்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருந்தாலும் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம். உங்களுக்குக் காப்பர்-டிதான் என் முதல் தேர்வு. உள்பரிசோதனைக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அழுத்தம் 160/100க்குக் கீழே இருக்கும்போது அந்தரா பற்றி டாக்டரிடம் பேசலாம். இரண்டு பிள்ளைகள் போதும் என்று இருவரும் முடிவு செய்திருந்தால் கணவர் தழும்பில்லாத வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், செய்துகொள்ளலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; ஆண்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். சுமையை ஒருமுறையாவது அவர் தோளுக்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். ஆனால் வாசெக்டமிக்குப் பிறகு மூன்று மாதம் ஆணுறை வேண்டும்.

கீழக்கரைச் சகோதரிக்கு. மூன்று வழிகள். கணவர் வருவதற்கு முந்தைய மாதவிடாயின் முதல் ஐந்து நாட்களுக்குள் மாலா-என் தொடங்கினால், அவர் இறங்கும் நாளில் முழுப் பாதுகாப்பு இருக்கும். ஆனால் இரத்தம் உறையும் ஆபத்து, மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் மாதங்களிலும், நான்கு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கும்போதும்தான் கூடுதல். ஆண்டுதோறும் நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதன் மறைந்த விலை இதுதான். அந்தராவை இரண்டு மாதத்துக்காகப் போடுவது வீண். ஒழுங்கற்ற உதிரம் அவர் விடுப்பு நாட்களையும் நோன்பையும் குழப்பும். மூன்று நான்கு ஆண்டு இதே வாழ்க்கை என்றால், ஒரே ஒரு நாள் பரிசோதனையைச் சகித்துக்கொண்டு காப்பர்-டி வைத்துக்கொள்வது உங்களுக்கு இலகு. ஆண்டுக்குப் பத்து மாதம் நீங்கள் எதையும் விழுங்க வேண்டாம். பெண் டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டு, உம்மாவையோ லாத்தாவையோ துணைக்கு அழைத்துப் போங்கள்.

தங்கச்சிமடத்துத் தங்கைக்கு. முதலில் ஒன்று. பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது குழந்தைக்கு ஆறு மாதம்வரை, தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்காமல், மாதவிடாயும் வராமல் இருந்தால் மட்டுமே. உன் குழந்தைக்கு எட்டு மாதம். இன்றே பாதுகாப்பு வேண்டும்; கையில் எதுவும் இல்லாத வரை ஆணுறை.

எல்லா வழிகளும் உனக்குத் திறந்தே இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கணவர் வீட்டிலேயே இருப்பார், மற்ற மாதங்களில் கடலும் கரையுமாக இருப்பார் என்கிறாய். அதனால் மாத்திரையைவிட ஊசி உனக்கு எளிது, மாமியார் கண்ணிலும் படாது. மூன்று ஆண்டு இடைவெளி என்றால் தாமதத்தையும் கணக்கில் வைத்து, கருத்தரிக்க விரும்பும் காலத்துக்குச் சுமார் ஓராண்டுக்கு முன் கடைசி ஊசியோடு நிறுத்திவிடு. அதன்பிறகு நாள் எண்ணிக் கவலைப்பட வேண்டாம். முதல் மாதங்களில் உதிரம் சொட்டினால் நர்சம்மாவிடம் போ, நீயாக நிறுத்தாதே.

அடுத்த மாதம் குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வருகிறது. புதன்கிழமை தடுப்பூசி நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் உன்னை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. பிள்ளைக்கு ஊசி போட்டு முடிந்ததும் நர்சம்மாவிடம், "எனக்கு அந்தரா போட வேண்டும், பிபி பாருங்கள்" என்று சொல். மேசையில் படுக்க வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும்.